காலண்டர் தாளும் டைம்பீஸும் போதும்: தினமும் படிக்கிற பழக்கத்த புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

காலாண்டு பேப்பர் குடுக்கிற வாரத்துல எங்க டியூஷன் மாடிக்கு ஏறி வர்ற புள்ளைங்க மூஞ்சியே வேற மாதிரி இருக்கும். செருப்ப கழட்டும்போதே "அக்கா நான் படிச்சேன்கா, ஆனா எழுத உக்காந்தா ஒன்னுமே வரலக்கா"ன்னு ஆரம்பிச்சிருவாங்க, சில பேரு "எனக்கு படிக்கணும்னே தோண மாட்டேங்குது"ன்னு சொல்லிட்டு தலைய குனிஞ்சுக்குவாங்க. நான் கடலூர் திருப்பாப்புலியூர்ல எட்டு வருஷமா சாயங்கால டியூஷன் எடுக்கிறேன், ஒன்பதாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும், அது போக காலேஜ் மொத வருஷத்துல அரியர் வச்சிட்டு திரும்பி வர்ற பழைய புள்ளைங்களும் உண்டு. இந்த எட்டு வருஷத்துல படிப்பே ஏறாத புள்ளைன்னு ஒருத்தரக் கூட நான் பாக்கல. ஆனா தினமும் ஒரே நேரத்துல புத்தகத்த எடுத்து வச்சு உக்காருற பழக்கம் இருக்கிற புள்ளைங்கள விரல் விட்டு எண்ணிடலாம். அந்தப் பழக்கம் எப்டி வரும்னு யாரும் பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றதில்ல, "போய் படி"ன்னு மட்டும் தான் எல்லா வீட்லயும் சொல்றாங்க. அதனால என் புள்ளைங்ககிட்ட நான் என்ன சொல்றேனோ அத அப்டியே வரிசையா இங்க எழுதுறேன்.

மொதல்லயே ஒன்னு. மூட் வந்தா படிக்கலாம்னு காத்துட்டு இருந்தா மார்ச் மாசம் தான் வரும். உக்காந்து அஞ்சு நிமிஷம் ஆனதுக்கு அப்புறம் தான் மனசு அந்தப் பக்கம் திரும்பும், எனக்கும் அப்டித் தான் இருந்துச்சு, என்கிட்ட படிச்ச புள்ளைங்களுக்கும் அப்டித் தான். ஆகவே நாம மொத பழக வேண்டியது உக்காருறத. எப்டி படிக்கிறதுங்கிறது அதுக்கு அடுத்த பாடம், அதையும் கீழ சொல்றேன்.

சாமான் ரொம்ப ஒன்னும் வேணாம். வீட்ல மாட்டியிருக்கிற டெய்லி காலண்டர், புது வருஷத்துக்கு மளிகைக் கடையில குடுப்பாங்களே, தினம் ஒரு தாள் கிழிக்கிறது, அது ஒன்னு. கிழிச்ச தாளோட பின்பக்கம் வெறுமையா இருந்தா அது தான் நம்ம நோட்டு, அச்சடிச்சு இருந்தா ரஃப் நோட்டுல கால் பக்கம் கிழிச்சுக்கோங்க. ஒரு டைம்பீஸ். ஒரு பேனா, கூட ஒரு செவப்பு பேனா. காலி ஸ்வீட் பாக்ஸ் மூணு, தீபாவளிக்கு வந்தது அம்மா எங்கயாவது எடுத்து வச்சிருப்பாங்க.

மொத மூணு நாள் கணக்கு மட்டும் எழுதுங்க

மூணு நாளைக்கு புதுசா எதுவும் மாத்த வேணாம். காலைல எத்தன மணிக்கு எழுந்தேன், ஸ்கூல் விட்டு எப்ப வீட்டுக்கு வந்தேன், எப்ப சாப்ட்டேன், போன எப்ப எடுத்தேன் எப்ப வச்சேன், இது மட்டும் அந்தத் தாள்ல எழுதுங்க. யாருக்கும் காட்ட வேண்டியதில்ல, அதனால உண்மைய எழுதுங்க.

கடலூர்லேர்ந்து பாண்டிக்கு காலேஜ் போற ஒரு பொண்ணு இத செஞ்சா. அதுவரைக்கும் "எனக்கு டைமே இல்லக்கா, காலைல போனா பொழுது சாஞ்சு தான் வர்றேன்"னு சொல்லிட்டு இருந்தவ. கணக்கு எழுதிப் பாத்தா பஸ்ஸுல மட்டும் போக வர ரெண்டு மணி நேரம், ரெட்டிச்சாவடி கன்னியக்கோயில் கிருமாம்பாக்கம் தவளக்குப்பம்னு நின்னு நின்னு போயி அரியாங்குப்பத்துல டிராஃபிக்ல மாட்டி. வீட்டுக்கு வந்து கட்டில்ல சாஞ்சதுலேர்ந்து சாப்பாட்டுக்கு கூப்புடுற வரைக்கும் போன்ல ஒன்னே கால் மணி நேரம், அது அவளுக்கே தெரியல, அஞ்சு நிமிஷம் பாத்தேன்னு தான் நெனச்சிருந்தா. நான் அவள திட்டல, களைப்பா வர்ற புள்ள சாயத் தான் செய்யும். ஆனா நேரம் எங்க இருக்குன்னு தெரிஞ்சதும் அவளே ஒரு முடிவு எடுத்தா, பஸ்ஸுல எடம் கெடச்சா முந்தின நாள் பாடத்த கண்ண மூடி நெனச்சுப் பாக்குறது, வீட்ல சாயுறதுக்கு முன்னாடி இருவது நிமிஷம் உக்காருறது. பஸ்ஸுல புதுப் பாடம் வேணாம், கூட்டத்துல தலைவலி தான் மிச்சம், பழசத் திரும்ப நெனக்கிறதுக்கு பஸ் நல்ல எடம்.

நேரமும் எடமும் ஒட்டியே இருக்கணும்

"சாயங்காலம் படிப்பேன்"ங்கிறது ஒரு நேரமே இல்ல. "ஏழு மணிக்கு"ங்கிறது பரவாயில்ல, ஆனா அதுவும் ரெண்டு நாள்ல ஏழே காலாயிடும், அப்புறம் எட்டாயிடும். இதவிட நல்ல வழி, தினமும் வீட்ல தானா நடக்குற ஒரு காரியத்துக்குப் பின்னாடி படிப்ப கட்டிடுறது. டீ குடிச்ச டம்ளர கழுவி கவுத்தினதும் உக்காருவேன். சாமி வெளக்கு ஏத்தினதும் உக்காருவேன். தங்கச்சி ட்யூஷன் விட்டு வந்து பையக் கீழ வச்சதும் உக்காருவேன். இப்டி கட்டிட்டா கடிகாரத்த பாக்க வேண்டியதில்ல, அந்தக் காரியமே நம்மள கூப்ட்டுடும்.

ஆனா எதுல கட்டுறோம்ங்கிறத யோசிச்சு கட்டணும், அது தினமும் தவறாம நடக்குற காரியமா இருக்கணும். தேவனாம்பட்டினத்துலேர்ந்து ஒரு பையன் வந்தான், பத்தாவது, ஒரே ரூம் வீடு, ராத்திரி ஒம்போதரை வரைக்கும் டிவி ஓடும், படிக்க எடமே இல்ல. அவங்க அப்பா கடலுக்குப் போறவரு, விடியக்காலம் நாலு மணிக்கு டீ குடிச்சிட்டு கெளம்புவாரு. "அப்பா கெளம்புனதும் நான் உக்காந்துக்கிறேன்கா, வீடு அப்ப அமைதியா இருக்கும்"னு அவனே சொன்னான், ராத்திரி ஒம்போதரைக்கே படுத்துக்கவும் ஆரம்பிச்சான். ரெண்டு வாரம் அருமையா போச்சு. அப்புறம் வங்கக் கடல்ல காத்தழுத்தம்னு சொல்லி துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்திட்டாங்க, அஞ்சு நாள் யாரும் கடலுக்குப் போகல, அப்பாவும் எந்திரிக்கல இவனும் எந்திரிக்கல. பழக்கம் அங்கயே அறுந்துச்சு. அவன் மேல தப்பு இல்ல, கட்டுன எடம் தான் சரியில்ல. அப்புறம் ரெண்டு பேரும் யோசிச்சு மாத்துனோம். அவங்க அம்மா மழையோ வெயிலோ அஞ்சு மணிக்கு வாசல் தெளிப்பாங்க, கடல் எப்டி இருந்தாலும் அது நிக்காது. பக்கெட் சத்தம் கேட்டதும் எழுந்து மூஞ்ச கழுவிட்டு உக்காருறதுன்னு வச்சான், அது பரீட்சை முடியிற வரைக்கும் நின்னுச்சு.

எடம் பெருசா வேணாம். தெனமும் அதே பாய், அதே செவுரு, அதே பக்கம் பாத்து உக்காந்தா போதும். படுக்குற எடத்துல மட்டும் வேணாம், தூக்கம் வர்ற எடம் எதுன்னு உடம்புக்குத் தெரியும். வீட்ல சுத்தமா முடியாதுன்னா லைப்ரரிக்குப் போங்க, கடலூர்ல மாவட்ட மைய நூலகம் இருக்கு, பாண்டியில ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கு, 1827லேர்ந்து இருக்கிற லைப்ரரி அது. லீவு நாளும் நேரமும் வாசல்ல எழுதியிருக்கிறத பாத்து வச்சுக்கோங்க, ஆசையா போயி பூட்டுன கதவப் பாத்துட்டு வந்தா அடுத்த நாள் போகத் தோணாது.

இருவது நிமிஷத்துக்கு மேல வேணாம்

இத சொன்னா புள்ளைங்க நம்ப மாட்டாங்க. பேப்பர் குடுத்த கோவத்துல "நாளையிலேர்ந்து தினமும் அஞ்சு மணி நேரம்கா"ன்னு டைம்டேபிள் போட்டு எடுத்துட்டு வருவாங்க, கலர் கலரா ஸ்கெட்ச் பேனாவுல கோடு போட்டு. அந்த டைம்டேபிள் நாலாவது நாள் செவுத்துல தொங்கும், புள்ள வேற எங்கயாவது இருக்கும். அதனால நான் சொல்றது, மொத பத்து நாள் இருவது நிமிஷம் மட்டும். டைம்பீஸ்ல அலாரம் வைங்க, அடிச்சதும் எந்திரிச்சிருங்க, இன்னும் படிக்கணும்னு ஆசையா இருந்தாலும் எந்திரிச்சிருங்க. அந்த ஆச மிச்சம் இருந்தா தான் நாளைக்கு உக்காரத் தோணும். பத்து நாளுக்கு அப்புறம் அதே இருவது நிமிஷத்த ரெண்டு தடவ, நடுவுல அஞ்சு நிமிஷம் எழுந்து நடந்துட்டு. அப்புறம் மூணு தடவ. பிரான்செஸ்கோ சிரில்லோன்னு இத்தாலிக்காரர் ஒருத்தரு 1980கள் கடைசியில மாணவரா இருந்தப்போ தக்காளி வடிவத்துல இருக்கிற சமையக்கட்டு டைமர வச்சு இப்டி 25 நிமிஷம் படிப்பு 5 நிமிஷம் ஓய்வுன்னு பழகுனாரு, அது தான் இன்னிக்கு உலகம் பூரா பரவியிருக்கு. உங்களுக்கு இருவதா இருவத்தஞ்சாங்கிறது பெருசில்ல, முடிவு நேரம் முன்னாடியே தெரியணும், அது தான் விஷயம்.

21 நாள்ல பழக்கம் வந்துரும்னு எல்லாரும் சொல்றாங்க, அத நம்பி 22வது நாள் வரலன்னா ஒடஞ்சு போயிடாதீங்க. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேர வச்சு இத பாத்தாங்க, 2009ல வெளிவந்துச்சு. தினமும் ஒரு சின்ன காரியத்த ஒரே நேரத்துல செய்யச் சொல்லி அது எப்ப யோசிக்காம தானா நடக்குதுன்னு கணக்கு எடுத்தா, சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் ஆகும்னு வந்துச்சு, நடுவாந்தரமா 66 நாள். நடுவுல ஒரு நாள் விட்டுப் போனதால பெருசா ஒன்னும் கெடலங்கிறதும் அதுல தெரிஞ்சுது. 66 நாளுன்னா, காலாண்டு லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறக்குற அன்னிக்கு ஆரம்பிச்சா அரையாண்டு கிட்டத்துல வந்துரும். அதுவரைக்கும் கஷ்டமாத் தான் இருக்கும், கஷ்டமா இருக்குன்னா நீங்க தப்பா செய்றீங்கன்னு அர்த்தம் இல்ல.

போன் வேற ரூம்ல

இதுல நான் கொஞ்சம் கண்டிப்பு. சைலண்ட்ல போட்டு கவுத்து வைக்கிறது பத்தாது, கைக்கு எட்டுற தூரத்துல இருந்தா மனசு அங்க தான் இருக்கும். அம்மாகிட்ட குடுங்க, இல்லன்னா சமையக்கட்டுல அரிசி டப்பா மேல வைங்க. கிளாஸ் நோட்ஸ் வாட்ஸப் குரூப்ல தான் வருதுன்னா, உக்காருறதுக்கு முன்னாடியே அத பாத்து ஒரு தாள்ல எழுதிக்கோங்க. அலாரத்துக்கு போன் வேணும்ங்கிற சாக்கு கூடாதுன்னு தான் டைம்பீஸ் வாங்கச் சொன்னேன்.

புத்தகத்த மூடுங்க

இது தான் நான் எழுத வந்ததுலயே முக்கியமான எடம், கொஞ்சம் நிதானமா படிங்க.

நான் பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், பதினொன்னாவதுல இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறுனேன். பிசிக்ஸ் புத்தகத்த மஞ்சக் கலர் பேனாவால கோடு போட்டு கோடு போட்டு படிப்பேன், ஒரே பாடத்த ஆறு தடவ ஏழு தடவ, கடைசியில பக்கம் பூரா மஞ்சளா ஆயிடும், எது முக்கியம்னே தெரியாது. படிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும். காலாண்டு பரீட்சையில கேள்வித்தாள பாத்தேன், அந்தப் பக்கம் புத்தகத்துல எடது பக்கமா வலது பக்கமா, படம் மேலயா கீழயான்னு கூட ஞாபகம் இருக்கு, ஆனா பேனாவ வச்சா ஒரு வரி வரல. பெயில். வகுப்புல எல்லாருக்கும் முன்னாடி "இது தேறாது"ன்னு ஒரு வார்த்த சொன்னாங்க, அந்த வார்த்த ரொம்ப நாள் உள்ள கெடந்துச்சு. அப்ப எங்க தெருவுல டீச்சர் டிரெய்னிங் படிச்சிட்டு இருந்த ஒரு அக்கா தான் என் புத்தகத்த வாங்கி மூடி மடியில வச்சுக்கிட்டு "இப்ப சொல்லு"ன்னாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. அவங்க விடல, "தெரிஞ்ச ஒரு வார்த்தையாவது சொல்லு, அதுலேர்ந்து போலாம்"னாங்க. அன்னிக்கு ஆரம்பிச்சது தான். அப்புறம் பெரியார் ஆர்ட்ஸ் காலேஜ்ல பி.எஸ்சி முடிச்சேன், இன்னிக்கு நானே சொல்லித் தர்றேன்.

திரும்பத் திரும்ப படிச்சா தெரிஞ்ச மாதிரி தோணுறது கண்ணுக்குப் பழகிப் போறதால வர்றது. பரீட்சையில கண்ணுக்கு முன்னாடி புத்தகம் இருக்காது, உள்ள இருந்து எடுக்கணும், அதனால உள்ள இருந்து எடுக்குறதத் தான் பழகணும். ரோடிகர், கார்ப்பிக்கின்னு அமெரிக்காவுல ரெண்டு பேரு 2006ல வெளியிட்ட ஒரு ஆராய்ச்சி இருக்கு. காலேஜ் புள்ளைங்கள ஒரு பத்திய படிக்க வச்சு, ஒரு கூட்டத்த அதையே இன்னொரு தடவ படிக்கச் சொன்னாங்க, இன்னொரு கூட்டத்த பாக்காம ஞாபகத்துலேர்ந்து எழுதச் சொன்னாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு பரீட்சை வச்சப்போ ரெண்டு தடவ படிச்சவங்க தான் அதிகம் எழுதுனாங்க. ஆனா ஒரு வாரம் கழிச்சு வச்சப்போ மாறிப் போச்சு, எழுதிப் பாத்தவங்களுக்கு 56 சதவீதம் ஞாபகம் இருந்துச்சு, ரெண்டு தடவ படிச்சவங்களுக்கு 42 தான். பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிச்சா கிளாஸ் டெஸ்ட்ல தப்பிச்சு பப்ளிக்ல மாட்டிக்கிறோமே, அதுக்குக் காரணம் இது தான்.

எப்டி செய்றதுன்னு ஒரு உதாரணம். பத்தாவது பொண்ணு ஒருத்தி, அறிவியல்ல இதயம் பாடம். ரெண்டு பக்கம் படிச்சா, புத்தகத்த மூடுனா, அன்னிக்குக் கிழிச்ச காலண்டர் தாள திருப்பி வச்சு எழுத ஆரம்பிச்சா. பெருஞ்சிரை, அம்புக்குறி, வலது ஏட்ரியம், அம்புக்குறி, வலது வெண்ட்ரிக்கிள், அம்புக்குறி, நுரையீரல் தமனி, நுரையீரல். அங்க பேனா நின்னுச்சு. ரொம்ப நேரம் தாளையே பாத்துட்டு இருந்தா. "அக்கா, அடுத்து நுரையீரல் சிரை தானே, ஆனா சிரையில ஆக்ஸிஜன் இல்லாத ரத்தம் தானே போகும், அப்ப எப்டி?"ன்னா. அந்தக் கேள்வி புத்தகத்த பத்து தடவ வாசிச்சிருந்தாலும் அவளுக்கு வந்திருக்காது. நுரையீரல் சிரை மட்டும் ஆக்ஸிஜன் உள்ள ரத்தத்த இதயத்துக்குக் கொண்டு வருது, தமனின்னா இதயத்துலேர்ந்து வெளிய போறது, சிரைன்னா உள்ள வர்றது, அவ்ளோ தான் வித்தியாசம்னு புத்தகத்த தொறந்து அவளே கண்டுபுடிச்சா. ஏட்ரியத்துக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவுல வால்வ விட்டுட்டதும் அப்ப தான் தெரிஞ்சுது, வலது பக்கம் மூவிதழ் எடது பக்கம் ஈரிதழ்னு செவப்பு பேனாவுல சேத்தா. அந்தச் செவப்பு எழுத்து தான் அன்னிக்கு அவ உண்மையிலயே கத்துக்கிட்டது.

ஆக இருவது நிமிஷத்த இப்டி பிரிச்சுக்கோங்க: பத்து நிமிஷம் படிப்பு, ஏழு நிமிஷம் மூடி வச்சு எழுத்து, மூணு நிமிஷம் தொறந்து பாத்து செவப்பு பேனா. மூடி வச்சு எழுதும்போது வராது, தல வலிக்கிற மாதிரி இருக்கும், உடனே தொறந்துராதீங்க, ஒரு நிமிஷம் தாங்குங்க. கணக்குக்கும் இதே தான், புத்தகத்துல போட்டு வச்ச கணக்க வாசிக்கிறது கணக்கு படிக்கிறது ஆகாது, விடைய ஒரு அட்டையால மறச்சிட்டு நீங்க போடுங்க, மாட்டுற எடத்துல மட்டும் ஒரு வரி இறக்கிப் பாருங்க.

மூணு ஸ்வீட் பாக்ஸ்

எழுதுன தாள தூக்கிப் போடாதீங்க. ஒவ்வொரு தாள்லயும் மேல ஒரு கேள்வி எழுதுங்க, "ரத்தம் இதயத்துல எந்த வழியா சுத்துது"ன்னு, அத மட்டும் வெளிய தெரியிற மாதிரி மடிச்சு மொத பாக்ஸ்ல போடுங்க. மொத பாக்ஸ் தினமும் பாக்குறது. பாக்காம சரியா சொல்லிட்டா ரெண்டாவது பாக்ஸுக்குப் போகும், அத மூணு நாளைக்கு ஒரு தடவ. அங்கயும் சரியா சொன்னா மூணாவது, அது ஞாயித்துக்கெழம மட்டும். எந்த பாக்ஸ்ல இருந்தாலும் தப்பா சொன்னா திரும்ப மொத பாக்ஸ். இது நான் கண்டுபுடிச்சது இல்ல, செபாஸ்டியன் லைட்னர்னு ஜெர்மன்காரர் ஒருத்தரு 1972ல சொன்ன முறை, ஸ்வீட் பாக்ஸ் மட்டும் நம்மளது. அவருக்கும் ரொம்ப முன்னாடி 1885லயே எபிங்ஹாஸ்ங்கிறவரு அர்த்தமே இல்லாத எழுத்துக் கோர்வைகள மனப்பாடம் பண்ணி தன்ன வச்சே சோதிச்சு பாத்தாரு. படிச்சதுல பெரும்பகுதி மொத நாள்லயே கழண்டு போகுது, அப்புறம் மறதி மெதுவாகுது, எடைவெளி விட்டு திரும்பப் படிச்சா கொறைவான தடவையிலயே நிக்குதுன்னு எழுதி வச்சாரு. அதனால இன்னிக்குப் படிச்சத நாளைக்கு ஒரு தடவ தொட்டே ஆகணும். அந்த ரெண்டாவது நாள் அஞ்சு நிமிஷத்த விட்டுட்டு ஒரு மாசம் கழிச்சு படிச்சா புதுப் பாடம் மாதிரி முழுசா உக்காரணும்.

தெனமும் உக்காந்ததும் மொத அஞ்சு நிமிஷம் பாக்ஸ், அது அந்த இருவது நிமிஷக் கணக்குல சேராது, அப்புறம் புதுப் பாடம். பாக்ஸ்ல எல்லாப் பாடமும் கலந்தே கெடக்கட்டும், பிரிச்சு வைக்காதீங்க, பரீட்சையில கேள்வியும் அப்டித் தானே வரும்.

மழை, கரண்ட் கட், திருவிழா

நம்ம ஊர்ல இத சொல்லாம படிப்ப பத்தி பேசவே முடியாது. ஐப்பசி கார்த்திகைன்னா லீவு எப்ப வரும்னு டிவிய பாத்துட்டு தான் இருப்போம். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல கடலூரும் பாண்டியும் எப்டி ஆச்சுன்னு பெரியவங்களுக்குத் தெரியும், 2015 நவம்பர்ல வெள்ளம், 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் பாண்டிகிட்ட கரையக் கடந்து, மழை விட்டாச்சுன்னு நெனச்சப்போ தென்பெண்ணையில தண்ணி வந்து கடலூர் பக்கம் வீடுங்களுக்குள்ள பூந்துச்சு. அந்த மாதிரி நாள்ல படிப்பு முக்கியம் இல்ல, உசுரும் வீட்டு மனுசங்களும் தான் முக்கியம், அதுல சந்தேகமே வேணாம். நான் சொல்றது அதுக்கு அடுத்த நாட்கள பத்தி. அஞ்சு நாள் லீவு விட்டதுக்கு அப்புறம் ஆறாவது நாள் உக்காருறது தான் ரொம்ப கஷ்டம், "விட்டுப் போச்சே, இனிமே என்ன"ன்னு மனசு சொல்லும்.

அதுக்கு ஒரு வழி வச்சிருக்கேன். எல்லாரும் ஒரு "மழ நாள் அளவு" வச்சுக்கோங்க. அதாவது, ரொம்ப முடியாத நாள்ல கூட செய்யக் கூடிய ஒன்னு: பாக்ஸ்லேர்ந்து ஒரே ஒரு தாள், எமர்ஜென்சி லைட்டுலயோ மெழுகுவத்தியிலயோ, ரெண்டு நிமிஷம். காய்ச்சலா, அது போதும். சொந்தக்காரங்க வீட்டு கல்யாணமா, அது போதும். மாசி மகத்துக்கு சில்வர் பீச்சுல சாமி தீர்த்தவாரி பாத்துட்டு கால் வலிக்க வந்தீங்களா, அன்னிக்கும் அது போதும், மகம் வர்றது பப்ளிக்குக்கு கிட்டத்துல தான், அதுக்காக போக வேணாம்னு நான் யாருக்கும் சொன்னதில்ல. ஒரு நாள் அதுவும் முடியலையா, விடுங்க. ஆனா தொடர்ந்து ரெண்டாவது நாள் விடாதீங்க. புரட்டாசி முடியும்போதே புத்தகம் நோட்டு மூணு பாக்ஸ் எல்லாத்தையும் போட்டு வைக்க கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்னு எடுத்து வைங்க, மழை பலமானா பையோட பரண் மேல ஏத்திடலாம், நனைஞ்ச நோட்ட ஃபேனுக்கு அடியில காய வச்சு மைய தேடுன புள்ளைங்கள நான் பாத்திருக்கேன்.

இன்னும் கொஞ்சம்

தூக்கத்த கொறைக்காதீங்க. படிச்சது மூளையில படியிறது தூங்கும்போது தான் நெறைய நடக்குது, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சு படிச்சிட்டு நாலு மணி நேரம் தூங்கிட்டு போனா படிச்சதையும் சேத்து தொலைக்கிறீங்க.

கூட்டாளி ஒருத்தர் இருந்தா நல்லது, ஒருத்தர் போதும், அஞ்சு பேர் சேந்தா பேச்சு தான் ஓடும். வாரத்துல ஒரு நாள் அவங்க பாக்ஸ நீங்க வாங்கி கேள்வி கேளுங்க, உங்க பாக்ஸ அவங்க. யாரும் இல்லன்னா தம்பி தங்கச்சிக்கு சொல்லிக் குடுங்க, ஆறாவது படிக்கிற புள்ளைக்குப் புரியிற மாதிரி உங்களால சொல்ல முடிஞ்சா அது உங்களுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு வச்சுக்கலாம்.

காலேஜ் புள்ளைங்களுக்குத் தனியா ஒன்னு. ஸ்கூல்ல யாராவது டெஸ்ட் வச்சுக்கிட்டே இருப்பாங்க, காலேஜ்ல இண்டர்னல் வர்ற வரைக்கும் கேக்க ஆளில்ல. அதனால கிளாஸ் நடந்த அன்னிக்கே, கேண்டீன்லயோ பஸ் ஸ்டாண்ட்லயோ, இன்னிக்கு என்ன நடத்துனாங்கன்னு நோட்ட பாக்காம நாலு வரி எழுதிருங்க. அரியர் வைக்காம போன என் பழைய புள்ளைங்க பெரும்பாலும் இத செஞ்சவங்க தான்.

அப்பா அம்மா யாராவது இத படிச்சா, உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். புள்ள உக்காருற அந்த நேரத்துக்கு மட்டும் டிவி சத்தத்த கொறச்சு குடுங்க, "கடைக்குப் போயிட்டு வா"ன்னு எழுப்பாதீங்க. பக்கத்து வீட்டுப் புள்ள மார்க்க அந்த நேரத்துல பேசாதீங்க. இருவது நிமிஷம் தானா எந்திரிச்சிருச்சேன்னு கோவப்படாதீங்க, நான் தான் எந்திரிக்கச் சொன்னேன்.

இன்னிக்கே ஆரம்பிக்கிறதா இருந்தா இத செய்ங்க. காலைல கிழிச்ச தாள் குப்பையில கெடந்தா எடுத்து நீவி வைங்க. வீட்ல தெனமும் தவறாம நடக்குற ஒரு காரியத்த யோசிச்சு அதுல எழுதுங்க, "இது முடிஞ்சதும் நான் இந்த எடத்துல உக்காருவேன்"னு. அம்மாகிட்ட வாய் விட்டு சொல்லுங்க, அவங்களுக்கும் தெரியட்டும். மூணு நாள் கணக்கு எழுதுங்க. நாலாவது நாள் அந்தக் காரியம் முடிஞ்சதும் போன அரிசி டப்பா மேல வச்சிட்டு, உங்களுக்கு ரொம்பப் புடிச்ச பாடத்தோட ரெண்டு பக்கத்த எடுங்க, கஷ்டமான பாடம் ரெண்டாவது வாரம் வரட்டும். அலாரம் வைங்க. பத்து நிமிஷம் ஆனதும் புத்தகத்த மூடி மடியில வச்சுக்கிட்டு, தெரிஞ்ச ஒரு வார்த்தையிலேர்ந்து எழுத ஆரம்பிங்க.